வண்டிக்குப் பின்னால் ஓடிய தகப்பனார்

எங்கள் தகப்பனார் சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், வீடு தேடி வந்திருக்கும் உற்றார் உறவினர் அனைவரையும் வணங்கி இதை எழுதுகிறேன். மிகையாகப் புகழ்ந்தால் நீங்களே சிரிப்பீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டுச் சண்டைகளிலாவது தகப்பனார் யாரும் அழைக்காமலே வந்து புகுந்திருப்பார்கள்.

தகப்பனார் பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். அவர்களுடைய இளவயதில் எங்கள் பாட்டனாரும் அவருடைய தமையனாரும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையை முன்னிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்தடுத்த வீடு. கூச்சலும் இல்லை, அடிதடியும் இல்லை. அமைதியாக இருக்கிறார்கள் என்று ஊரார் மெச்சினார்களாம். பிறகு வாந்திபேதி வந்து தமையனார் படுத்தபோது, பாட்டனார் அவர் வாசல் வரை போய், கூப்பிடாமல் எப்படி நுழைவது என்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் பிணத்தைத்தான் பார்க்க முடிந்தது. பேசாமல் இருப்பதை அமைதி என்று யாராவது சொன்னால், இதைக் கண்ணால் கண்ட எங்கள் தகப்பனாருக்குக் கோபம் வந்துவிடும்.

திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வைத்த பிறகு, தெருவில் இருவர் குரல் உயர்ந்தால் துணி அளக்கும் முழக்கோலும் கையுமாக இறங்கி ஓடுவார்கள். கோலைக் கண்டு, அடிக்க வருகிறார் என்று எண்ணிச் சண்டைக்காரர்கள் இருவரும் ஒன்றுகூடித் தகப்பனாரையே அடித்ததும் உண்டு. முன்பல் ஒன்று அப்படிப் போனதுதான்.

“ஊர்ல வேற ஆளே இல்லையா? நீங்க எதுக்குப் போறீய?” என்று தாயார் மஞ்சளும் வெந்நீருமாக வருவார்கள்.

“எல்லாரும் அதையேதான் நெனச்சுக்கிட்டு நிக்காவ. அதான் போனேன்.”

சேரன்மகாதேவியில் அத்தை மகள் கல்யாணத்தின்போது நடந்தது பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம், மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கொடுக்குமுன் வேறொருவருக்குச் சந்தனம் கொடுத்துவிட்டார்கள். சம்பந்தி எழுந்தார். மாப்பிள்ளையையும் இழுத்து வண்டியில் ஏற்றி, தம் ஊரான அம்பாசமுத்திரத்துக்கே ஓட்டச் சொல்லிவிட்டார். அத்தையின் கணவரான எங்கள் மாமாவோ, “போறவரு போகட்டும்” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். உள்ளே மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள்.

தகப்பனார் செருப்பைக்கூடத் தேடவில்லை. சாலையில் வண்டிக்குப் பின்னால் ஓடி, தொற்றி ஏறி, மாப்பிள்ளைக்கும் தலையணைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பின் நடந்ததை மாப்பிள்ளைதான் எங்களுக்குச் சொன்னார்.

“என்னைத் திருப்பிக் கூப்பிட வந்தீரா வே?” என்றார் சம்பந்தி.

“யாரு கூப்பிட்டா? அந்த வீட்டுல மனுசன் இருப்பானா? நானும் உங்ககூட வாரேன்.”

சம்பந்தி சற்றுத் திகைத்தார். தகப்பனார் விடாமல் மாமாவை ஏசத் தொடங்கினார்கள். மரியாதை தெரியாதவர், கஞ்சன், பந்தலைப் பார்த்தால் பனையோலைக்குக்கூட வெட்கமாக இருக்கும் என்றெல்லாம் சொல்லி, கடைசியில் சமையலுக்கு வந்தார்கள். “அது ஒரு சாப்பாடா? அந்தச் சாம்பாரை மாடு குடிக்குமா?”

“அப்படிச் சொல்லாதியும் வே. சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு.”

“உங்களுக்கு இரக்க குணம். அதான் அப்படிச் சொல்லுதீய. அந்த மனுசன் பொண்ணு வளர்த்த லட்சணத்தைப் பாத்தா...”

“பொண்ணை எதுக்கு இழுக்கேரு? மகாலட்சுமி மாதிரி இருக்கா. கூடப்பொறந்தவளைக் கொடுத்த வீட்டை இப்படியா பேசுவீரு? ஏலே, வண்டியைத் திருப்புலே.”

வீரவநல்லூர் எல்லையில் வண்டி திரும்பியது. மாப்பிள்ளை அப்போதுதான் மூச்சு விட்டாராம்.

கல்யாணம் குறைவின்றி நடந்தது. ஆனால் வண்டிக்காரன் வாய் சும்மா இருக்கவில்லை. கஞ்சன், மரியாதை தெரியாதவர் எல்லாம் மாமா காதுக்குப் போயின. அவர் எங்கள் தகப்பனாரோடு பேசுவதை விட்டுவிட்டார். வெகுகாலம் தகப்பனார் கடைக்கு விடுமுறையான நாளிலெல்லாம் ரயிலேறிச் சேரன்மகாதேவிக்குப் போவார்கள். இவர்கள் முன்வாசலில் நுழைந்தால் மாமா பின்வாசலில் இறங்கிவிடுவார். அத்தை போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தகப்பனார் சிரித்த முகமாகத் திரும்புவார்கள். வீட்டுக்கு வந்தபின் வாசல் திண்ணையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் மழைக்குப் பயந்து மாமா தொழுவத்திலேயே ஒதுங்கியிருந்தார். தகப்பனார் அத்தையிடம், “என்ன இருந்தாலும் அம்பாசமுத்திரம் நெல்லு மாதிரி உங்க ஊர் நெல்லு வராது” என்றார்கள்.

“எந்த மடையன் சொன்னான்?” என்று தொழுவத்திலிருந்து குரல் வந்தது.

“நான்தான் அத்தான்.”

அன்று இருவரும் பொழுது சாயும்வரை நெல்லைப் பற்றியே வாதாடினார்கள். அவ்வளவு சந்தோஷமாகத் தகப்பனார் வீடு திரும்பி நாங்கள் பார்த்ததில்லை.

கடைசி மாதங்களில் மூச்சிரைப்பு மிகுந்தது. படுக்கையில் கிடந்தபடியே, அடுத்த வீட்டு மாமியார் மருமகள் வழக்கைச் சுவர் வழியாகத் தீர்த்தார்கள். பேசினால் இரைக்கும் என்று வைத்தியர் தடுத்ததையும் கேட்கவில்லை.

கைராசியுள்ள அந்த வைத்தியருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய தெருவாருக்கும், கடைக்குச் சரக்கனுப்பும் காயல்பட்டினத்துச் சாயபு தம் கடையை அடைத்துவிட்டு வந்து எங்களோடு நின்றதற்கும் எங்கள் நன்றி. இன்னும் இருவருக்குச் சொல்லவேண்டும். இறுதி யாத்திரை புறப்படும்போது, பாடையின் முன்புறத்தைப் பிடிக்கும் உரிமை யாருக்கு என்று மாமாவும் சம்பந்தியும் குரல் உயர்த்திவிட்டார்கள். உயர்த்தியவர்கள், பழக்கத்தால் இருவருமே ஒரே நேரத்தில் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீரே முன்னால பிடியும் வே. நான் பின்னால வாரேன்” என்றார் மாமா.

“வேண்டாம், நீரு பிடியும்” என்றார் சம்பந்தி.

அதற்கும் சிறிது நேரம் சண்டை நடந்தது.