கலாவதியின் கையுறைகள்

கலாவதி எங்கே உட்கார்ந்தாலும் முதலில் மேசை விரிப்பை இரண்டு கைகளாலும் நீவி விடுவார். பிறகுதான் பால் விடாத பிளேன்ரீயைத் தொடுவார். தமிழ்க்கடைகள் நிறைந்த ரூ காய் வீதியில் அவர் வழக்கமாக வரும் தேநீர்க்கடையில் விரிப்பு பிளாஸ்டிக், நீவுவதற்கு ஒன்றுமில்லை. பல வருடங்களாக ஹோட்டல் கட்டில்களுக்கு வெள்ளைத்துணி விரித்த கை, சும்மா இருக்காது. அந்தக் கைகளில் கோடையிலும் கறுப்புக் கையுறை. யாராவது கேட்டால், "எனக்குக் குளிர் கூடுதல்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இன்று எதிரில் நிரோஜினி, அதே ஹோட்டலில் அறை துப்புரவாக்குபவள். கணக்கில் வராத வேலைநேரத்துக்கும் துப்புரவு மருந்துத்தண்ணீர் தின்ற தோலுக்குமாகப் பெண்கள் சேர்ந்து போட்ட வழக்கு, சமரசத்துக்கு வந்திருக்கிறது. வரும் காசில் சம்பளப் பாக்கிக்கு வரி உண்டு. வருமானம் ஏறினால் வாடகைக்கு அரசு தரும் வீட்டு உதவிப்பணமும் குறையும். உடம்புக்கான நட்டஈட்டுக்கு வரி இல்லை. ஆனால் நட்டஈடு என்று எழுதினால் மட்டும் போதாது, வரி அலுவலகம் கேட்டால் காட்ட அத்தாட்சி வேண்டும் என்று வக்கீல் மர்கரீத் சொல்லிவிட்டார். மற்றவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். நெடுநாள் பாதிப்புக்குக் கலாவதியின் கைகள்தான் சாட்சி. அவற்றின் படம் இன்று பின்னேரத்துக்குள் வக்கீலிடம் போய்ச் சேரவேண்டும்.

வேலையிடத்து வைத்தியர் வருடாவருடம் உடம்பு எப்படி என்று கேட்டிருக்கிறார். பிறத்தியாரிடம் நோயைச் சொல்லிப் பழக்கமில்லாத கலாவதி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் "சவா, சவா" என்றே சொல்லியிருக்கிறார். நலம், நலம் என்றுதான் கோப்பிலும் பதிவாகியிருக்கிறது.

"அங்கை சவா எண்டு சொல்லிப்போட்டு, இப்ப எங்களை நடுத்தெருவிலை விடுறியள் அக்கா."

"நான் வேலை செய்தனான். அதுக்குச் சம்பளம் தரட்டும், வரியைக் கட்டுறன். கையை நீட்டி அழ என்னாலை ஏலாது."

"நீங்கள் கட்டுவியள். எனக்கு ரெண்டு பிள்ளையள். வீட்டுக்காசு குறைஞ்சால் நாங்கள் இருக்கிற ஸ்தேன் வீட்டுக்கு வாடகை ஆர் குடுக்கிறது?"

 கலாவதி விரிப்பை மறுபடி நீவினார். பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் இன்னொன்று போடவா என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

"படத்திலை முகம் விழாதுதானே?"

"விழாது அக்கா. கை மட்டும்."

ஒவ்வொரு விரலாக இழுத்துக் கையுறைகளைக் கழற்றினார். ஒன்றின்மேல் ஒன்றாக, மூலை பிசகாமல் மடித்து ஓரமாக வைத்தார். பிறகு வெடித்த உள்ளங்கைகள் மேலே தெரிய, கைகளை விரிப்பின்மேல் வைத்துவிட்டு, முகத்தை வீதிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.