உள்ளே போனால் பேசாத வழிகாட்டி

சேகர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். நடுவட்டத்திலிருந்து அவருடைய தம்பி மனைவி பேசினாள். "அக்கா, எங்க மூத்தவரு தூக்கத்துலயே போயிட்டாருங்க."

என் மகளின் மாமியார் பார்வதி இப்போது குன்னூரில் எங்களோடுதான் இருக்கிறார். கண் பார்வை முழுதும் போய்விட்டது. காது மட்டும் முன்னைவிடக் கூர்மை. உள் அறையிலிருந்தே கேட்டார்.

"யாரு சம்பந்தி, போன்ல?"

"சேகர் தவறிட்டாருங்க."

"எந்தச் சேகரு? நம்ம பலேர்மோ சேகரா?"

"ஆமாங்க."

கட்டில் கிறீச்சிட்டது. "எம் பொடவைய எடுத்துக் குடு. நானும் வாறேன்."

சேகரை அறிந்தவர்கள் இந்த மலையில் நிறையப் பேர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாக வந்து நடுவட்டத்தில் வளர்ந்தவர். இளம் வயதில் ஊட்டியில் சுற்றுலா ஜீப் ஓட்டியவர். கடைசி வருடங்களில் சொந்த வேனில் வெளியூர்க்காரர்களை அவலாஞ்சிக்கும் மற்ற இடங்களுக்கும் அழைத்துப் போனவர். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் இத்தாலியில் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே எப்படி இருந்தார் என்பதைப் பார்த்தவர்கள், இங்கே உள்ளவர்களில் நானும் பார்வதி சம்பந்தியும்தான். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் கவிதாவும் மாப்பிள்ளையும் பலேர்மோ நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். கடலோரத்தில் இருக்கும் பழைய நகரம். இலங்கைத் தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர். கவிதாவின் பிரசவத்துக்காக நானும் சம்பந்தியும் போனோம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்த மறுநாள் மாடிப்படியில் எதிரே வந்தவரிடம் தண்ணீர்க் குழாய் பற்றிக் கேட்க, "ஏனுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, கோயமுத்தூரா, மலையா?"

"குன்னூருங்க."

"நான் நடுவட்டம். இந்த ஊர்ல 'ஏனுங்க' கேட்டு எத்தனை வருஷமாச்சு!" என்றார். குழாயைப் பற்றி இருவருமே மறந்துவிட்டோம்.

வார நாட்களில் அவர் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் காட்டினார். ஒரு சிறிய பயண அலுவலகம் அவரை அதற்கு வைத்திருந்தது. பஸ்ஸில் இடம் இருந்தால் எங்களையும் ஏற்றிக்கொள்வார்.

முதல் ஞாயிறு, நான்கு தெருக்கள் கூடும் ஒரு நாற்சந்திக்கு அழைத்துப் போனார். நான்கு மூலையிலும் உள்வாங்கிய கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்காகச் சிலைகள். கீழே இருப்பது ஒரு பருவகாலம், நடுவில் ஒரு ராஜா, உச்சியில் அந்தப் பகுதியைக் காக்கும் பெண் தெய்வம் என்றார்.

"ராஜாவுக்கு மேல பொம்பள சாமியாங்க?" என்று கேட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த சம்பந்திக்கு அப்போதே பார்வை மங்கல். ஆனாலும் அவர்தான் பதில் சொன்னார். "இதுல என்னா அதிசயம்? எங்க தோட்டத்துலயும் அதே வரிசைதான். அடியில மழை வெயிலு, அதுக்கு மேல தொரை, தொரைக்கு மேல மாரியாத்தா."

சேகர் கைதட்டிச் சிரித்தார். அடுத்த வாரம் கனடாக்காரர்களுக்கு அதை அப்படியே சொன்னார், "இது பார்வதியம்மா சொன்னது" என்று பெயரோடு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் நானாகப் படித்ததுதான். தினம் வீட்டுக் கணக்கு எழுதுகிற புத்தி, எதைப் பார்த்தாலும் இதை யார் துடைப்பார்கள், எதைக் கொண்டு துடைப்பார்கள் என்றுதான் ஓடும். அந்தச் சிலைகளின் தலையெல்லாம் புறா எச்சம். யார் கழுவுவார்கள் என்று கேட்டேன். கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சேகர் மட்டும் யோசித்தார். "தெரியாதுக்கா. கேட்டுட்டு வந்து சொல்றேன்." அடுத்த ஞாயிறு பஸ் ஏறும் முன்பே, ஏணி வைத்த வண்டியில் ஆள் வந்து கழுவுகிற விதத்தைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "அக்கா கேக்கற கேள்வி பரீட்சையில வராது. ஆனா வரணும்."

பரீட்சை என்று அவர் சொன்னதுதான் அவர் வாழ்க்கையில் அப்போது பெரிய விஷயம். அந்த நாட்டில் ஒரு தேவாலயத்துக்கோ அரண்மனைக்கோ உள்ளே நின்று விளக்கம் சொல்ல வேண்டுமானால், அரசாங்கப் பரீட்சையில் தேறி, கழுத்தில் அட்டை மாட்டியிருக்க வேண்டும். சேகரிடம் அது இல்லை. கூட்டத்தைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது மட்டுமே அவருக்கு அனுமதித்த வேலை. அட்டைக்காகப் படித்துக்கொண்டிருந்தார். அதுவரை பிடிபட்டால் பெயர் கெடும், அலுவலகம் கைகழுவிவிடும். அதனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. சொல்ல வேண்டியது அத்தனையும் வாசற்படியிலேயே சொல்லிவிடுவார். எந்தப் பக்கம் ஆரம்பிக்க வேண்டும், எங்கே தலையைத் தூக்க வேண்டும், எல்லாம். பிறகு, "வாசல் தாண்டினா நான் ஊமை. என்னைப் பாக்காதீங்க, செவத்தைப் பாருங்க" என்பார். உள்ளே போனதும் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு தூணோரம் நிற்பார்.

நகரத்துக்குக் காவல் என்று அவர்கள் கும்பிடும் ரோசாலியா என்ற பெண் தெய்வத்தின் குகை, பக்கத்து மலை மேல் இருக்கிறது. எனக்கு அங்கே போகத் தயக்கம். நான் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள், வேறு சாமியின் வாசலில் எப்படி நிற்பது? அங்கே போய்ப் பார்த்தால் நம் ஜனங்கள் வெறுங்காலோடு மலை ஏறுகிறார்கள், பொட்டும் பூவுமாக. குகையின் கூரையெங்கும் தண்ணீர் கசிகிறது. அதைப் பிடித்துவிட வளைந்து வளைந்து தகரக் கால்வாய்கள் பொருத்தியிருக்கிறார்கள். "நம்மூர்ல ஒழுகற ஊடு மாதிரியே இருக்குதுங்க" என்று வெளியே வந்து சொன்னேன்.

"அதாங்க்கா. ஊரையே காக்கறவ, அவ ஊடும் ஒழுகுது. அப்புறம் அவகிட்ட நாம எதுக்குக் கூச்சப்படணும்?" என்றார். கவிதாவுக்காக அன்றைக்கே மறுபடி உள்ளே போய் வேண்டிக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் மொன்ரியாலே போனோம். நகரத்துக்கு வெளியே, ஒரு குன்றின் மேல் இருக்கும் பெரிய தேவாலயம். சுவர் முழுதும் சின்னச் சின்னப் பொன் கண்ணாடிச் சில்லுகளால் பைபிள் கதைகள். படியில் நிறுத்தி சேகர் சொன்னார்: "வலப்பக்கம் மேல் வரிசையில, பீடத்துக்கிட்ட ஆரம்பிங்க. நம்ம கோயிலைச் சுத்தற மாதிரியே சுத்துங்க, கதை வரிசையா வரும். மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து."

இரண்டு சுற்று முடிந்ததும், பழக்க தோஷம், பெண்கள் நாங்கள் மூன்றாவதும் சுற்றி முடித்துவிட்டோம். நான் பீடத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடப் போனேன். காவலாளி பதறி ஓடி வந்தார், நான் மயங்கி விழுந்ததாக நினைத்துக்கொண்டு. தூணோரம் நின்ற சேகரின் தோள்கள் குலுங்கியதை இப்போதும் பார்க்கிறேன். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது சம்பந்திக்காக.

அவர் நடுக் கூடத்தில் நின்றபடி முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். "தங்கமா மினுங்குது, தம்பி. வேற ஒண்ணும் தெரியல."

சேகர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அந்த விரலும் சம்பந்திக்குத் தெரியவில்லை.

"நீ வெளிய சொன்னது கண்ணு இருக்கறவங்களுக்கு ஆச்சு. எனக்கு எது எங்கன்னு தெரியணுமில்ல? சொல்லு."

நான் அவர் கையை இழுத்தேன். "வெளிய போய்க் கேட்டுக்கலாம் வாங்க, அவருக்கு வம்பாயிரும்."

"வெளிய போனா இந்தச் செவரு கூட வருமா?"

சேகர் வாசல் பக்கம் பார்த்தார். அட்டை மாட்டிய ஒரு பெண், வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்றுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சேகர் தூணை விட்டு வந்து சம்பந்தியின் முழங்கையைப் பிடித்தார். மெதுவாக ஆரம்பித்தார்.

"அம்மா, மேல பாருங்க. கொஞ்சம் வலப்பக்கம். அங்க ஒருத்தர் ஒக்காந்திருக்காரு. கை மடியில. சுத்தியும் தங்கம்."

"யாரு?"

"கடவுள். ஆறு நாள் வேலை செஞ்சு ஒலகத்தப் படைச்சாரு. ஏழாம் நாளு சும்மா ஒக்காந்திருக்காரு."

"சம்பளத்தோட லீவா?"

"அதைப் பத்தி எழுதலம்மா" என்று சிரித்துவிட்டார். சிரித்த பிறகு குரலை அடக்க முடியவில்லை. கப்பலுக்குப் பலகை அறுக்கும் தச்சர்கள், அதில் ஏறும் மிருகங்கள், கிணற்றடியில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டும் பெண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். சம்பந்தி தலையைத் தலையை ஆட்டினார். நான் மூன்று முறை சுற்றியும் அந்தத் தச்சர்களின் ரம்பத்தைப் பார்க்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். கனடாக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

அட்டை மாட்டிய பெண் வந்து நின்றார். அவர் பின்னால் காவலாளி. இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார்கள்.

"என்னா கேக்கறாங்க?" என்றார் சம்பந்தி.

"நீ கைடான்னு கேக்கறாங்கம்மா."

"எம் மகன்னு சொல்லு. கண்ணு தெரியாத ஆத்தாளுக்கு மகன் சொல்றான், இதுல யாருக்கு என்னா?"

அந்தக் காவலாளியும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். சம்பந்தியின் கண்களைப் பார்த்தார். சேகரைப் பார்த்து, "மம்மா?" என்று கேட்டார். மொழி தெரியாத எனக்கே புரிந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும்.

சேகர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஏதோ இரண்டு வாக்கியம் சொன்னார். அவர்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

படியில் உட்கார்ந்தபோது கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. "நான் கைடு இல்ல, அட்டை இல்ல, பேசுனது நெசம்னு சொன்னேன். எங்கம்மா நடுவட்டத்துல சாகறப்ப நான் இங்க இருந்தேங்க்கா. போக முடியல. இன்னொருத்தர அம்மான்னு காட்டித் தப்பிக்க வாய் வரல."

"வாய் வராதவன் எதுக்குடா உள்ள வாயத் தெறந்த?" என்று சம்பந்தி சத்தம் போட்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"நீங்க கேட்டீங்களே" என்றார் சேகர்.

அலுவலகம் அதன் பிறகு அவரை அழைக்கவில்லை. அந்த முறை பரீட்சையையும் அவர் எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "தெரியாதுக்கா" என்றார். அந்தத் 'தெரியாது'க்கு அடுத்த வாரம் பதில் வரவில்லை. பேரன் பிறந்து நாங்கள் ஊர் திரும்பிய சில காலத்தில் அவரும் மலைக்கே வந்துவிட்டார்.

இங்கே அவரைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் அவர் வேனில் போனவர்கள் சொல்வது உங்களுக்கும் தெரியும். வண்டி நிறுத்தும் இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவலாஞ்சி அணைக்கரைக்குப் போனதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். "கைடு பேசவே மாட்டேங்கறாரு" என்று திருப்பூர்க்காரர் ஒருவர் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். இங்கே எந்தச் சட்டம் உங்களை வாயை மூடச் சொல்கிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"அங்க பயத்துல மூடினேங்க்கா. மூடி நின்னப்பத்தான் சனங்க மொகத்தப் பாத்தேன். சத்தம் இல்லேன்னா நல்லாப் பாக்கறாங்க. பாக்க முடியாதவங்க வந்தா மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பேன், எந்த எடமா இருந்தாலும்."

நடுவட்டத்துக்கு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மேகம் இறங்கியிருந்தது. சாவு வீட்டில் ஆண்கள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள், சத்தமே இல்லை. கூடத்தில் நுழைந்ததும் சம்பந்தி என் கையை அழுத்தினார்.

"சொல்லு."

நாலு பேர் கூடிய இடத்தில் நான் குரல் எழுப்பிப் பழகாதவள். ஆனால் ஆரம்பித்தேன். "பெஞ்சுல படுக்க வெச்சிருக்காங்க. வெள்ளை வேட்டி. தலை சீவி விட்டிருக்காங்க, வகிடு மட்டும் மாறிப்போச்சுங்க. கால்மாட்டுல வேன்காரங்க நாலஞ்சு பேரு, அழுதுட்டு இருக்காங்க."

"அம்மா, சத்தம் வேண்டாங்க" என்றார் வாசலில் நின்ற பெரியவர்.

"இவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். தாடையில் வளர்ந்திருந்த நரைத்த முடியைச் சொன்னேன், மார்பின் மேல் வைத்த கைகளைச் சொன்னேன், மாலையில் எந்தப் பூ அதிகம் என்று சொன்னேன். சம்பந்தி கேட்டு முடித்து, கையை நீட்டி அந்த வகிட்டைச் சரி செய்தார்.

சேகரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தத் துணிச்சல்தான். இப்போது காலையில் ஜன்னலைத் திறந்ததும் எதிர்ச்சரிவைச் சம்பந்திக்குச் சொல்கிறேன். எங்கே கொழுந்து எடுக்கிறார்கள், யார் வீட்டுக் கூரையில் புகை, மேகம் எது வரை. "அவன் மாதிரி சொல்லத் தெரியல உனக்கு" என்று தினமும் குறை சொல்கிறார். குறை சொல்லிவிட்டு, "அப்புறம்?" என்கிறார்.