தமிழ் அலமாரியின் இன்னொரு ஆள்

இன்று தேவிகுளம் வாசகசாலைக்குப் போனேன். நான் நர்சாக இருக்கும் சின்னக்கானல் டிஸ்பென்சரியிலிருந்து ஜீப் கிடைக்கிற நாளில்தான் எனக்குப் புத்தகம்.

அங்கே தமிழுக்கு ஒரே ஒரு அலமாரி; அதைத் தொடுவது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நூலகருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் திருப்பித் தரும் ஒவ்வொன்றுக்கும், “கொள்ளாமோ சிஸ்டரே?” என்பார். நன்றாயிருக்கிறதா என்று அர்த்தம்.

வால்வு ரேடியோ ரிப்பேர் புத்தகம் கொள்ளாம். என்னிடம் ரேடியோ இல்லை. ஆனால் அதில் யாரும் சாவதில்லை. துப்பறியும் நாவலில் கொலைகாரன் யாரென்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அவனை விட்டால் பேச்சுத்துணைக்கு ஆளில்லையென்று கடைசிவரை படித்தேன்.

மூன்றாவது, புதிதாக பைண்டு செய்த ஒரு குடும்ப நாவல். முதல் பக்கங்கள் போய்விட்டதால் பெயர் தெரியாது. விக்கி விக்கி அழுதேன்.

“ரொம்பக் கொள்ளாமுங்க” என்றேன்.

அவர் விழித்தார். “இது மோசம்னு பறஞ்ச ஆளுண்டே! ஒரே அழுகைன்னு, பாதிகூட படிக்காம திருப்பித் தந்தது.”

அந்த அலமாரியைத் தொடுகிற இன்னொரு ஆளா! எனக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்ததில் என் சொந்த ஊர் எருத்தேன்பதிப் பேச்சே வந்துவிட்டது.

“அழுகாச்சின்னா என்னங்க தப்பு? அவிய எந்த எஸ்டேட்டுங்க? நான் ஒருக்கா பாக்கோணுமுங்க.”

“அது சிஸ்டர்தன்னே. இங்க வந்த புதுசுல. அப்ப இதுக்குச் சிவப்பு அட்டை.”

இருக்கும். வந்த புதிதில் என் அழுகையே எனக்குப் போதுமாயிருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்த நாவல் மோசம் என்று இரண்டு வரி எழுதுங்களேன். என்னோடு நானே சண்டை போட்டால் யார் ஜெயித்தாலும் சப்பென்றிருக்கிறது.