எட்டாம் நாள் நான் பார்க்காத கை

காலை ஒன்பது பத்து. சங்கரன்கோவிலில் ஒரு நெசவாளர் தெரு. நான் அப்போது சுகாதாரத் துறையில் வாக்சினேட்டர். வீடு வீடாகப் பெரியம்மைத் தடுப்பூசி குத்துவது வேலை. தறியிலிருந்து எழுந்து வந்த பெண் கையை நீட்டவில்லை.

"மாட்டுச் சீக்கை மனுசனுக்குக் குத்துதீராமே, அண்ணாச்சி?"

பழகிய கேள்வி. பதிலும் பழகியதுதான். லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு. சீமையில் பால் கறக்கும் பெண்களுக்குப் பசு அம்மை வந்துவிட்டால் பெரியம்மை அண்டாது. அதைக் கவனித்த மருத்துவர் அந்த நோயை லத்தீனில் பசுவின் பெயரால் எழுதினார். அதிலிருந்து வந்தது வாக்சின். பின்னால் பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர், அந்த மருத்துவருக்கு மரியாதையாக, மாடே சம்பந்தப்படாத தடுப்பு மருந்துகளுக்கும் அதே பெயரைச் சூட்டினார்.

"அப்பம் பசுவோட பேருள்ள நம்ம கோயில் கோமதியம்மனுக்குச் சொந்தம்னு சொல்லும்," என்று அவள் கையை நீட்டினாள்.

அப்போதுதான் என் மனைவி தெருவில் ஓடி வந்தாள். "பிள்ளைக்கு அம்மை முத்துப் போட்டிருக்கு."

ஊசி குத்திய எட்டாம் நாள், கையில் கொப்புளம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். என் மகளின் எட்டாம் நாளன்று நான் கரிவலம்வந்தநல்லூரில் முகாமில் இருந்தேன். நம் பிள்ளைதானே என்று, பார்க்காமலே 'பிடித்தது' என்று எழுதினேன். இப்போது வீட்டுக்கு ஓடி, அவள் சட்டைக் கையைத் தூக்கினேன். ஊசி பிடித்ததற்கான தழும்பே இல்லை.

மனைவி முத்துகளில் பூசக் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து வைத்திருந்தாள். "ஆபீசுக்குச் சொல்லிராதிய. தெருவையே அடைச்சிருவாவ."

எத்தனையோ தாய்மார் இதையே கெஞ்ச, கேளாமல் ரிப்போர்ட் எழுதியவன் நான். ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன். மேலநீலிதநல்லூர் போயிருந்த டாக்டர் திரும்பும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். முத்துகளை எண்ணத் தொடங்கி, பயந்து நிறுத்தினேன்.

"அந்தப் பசு ஊசி எனக்கும் குத்தினியள்லாப்பா?" என்றாள் மகள். "அப்பம் சரியாயிரும்."

அவள் இன்று கல்லூரியில் படிக்கிறாள்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். உள்ளங்கையைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார், முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"கையும் காலும் சுத்தமா இருக்கு. எல்லாம் நெஞ்சிலயும் முதுகுலயும்தான். இது சின்னம்மை வே. பயப்படாதீரும்."

அவர் போகவில்லை. மகளின் தழும்பில்லாத கையைத் தடவிவிட்டு, என் பெட்டியிலிருந்த ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார்.

"பிடிச்சதுன்னு எழுதிருக்கீரு. யாரு வே பாத்தா?"