மேகத்தைக் காட்டிக் கேட்டவர்

திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் நெல் போட யாரும் லஞ்சம் கொடுப்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது. ஒரு தடவை எழுத்தர் ஒருத்தர் கேட்டுப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வாத்தியார் வேலையிலோ பேங்கிலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள். "எதுக்குன்னு எழுதிக் கொடுங்க" என்றார்கள். அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அந்தத் திமிரோடுதான் போன மாசியில் அக்கா ஊருக்குப் போனேன். சீர்காழி தாண்டி, கடலை ஒட்டிய கடைமடை. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம் என்பதால் நடவும் தாமதம், அறுப்பும் தாமதம். குத்தகை நிலத்தில் விளைந்த மொத்த நெல்லையும் கொள்முதல் நிலையத்து வாசலில், ரோட்டோரமாகக் கொட்டிவிட்டு அக்கா காவல் இருந்தாள். அந்த வருஷத்துக்கு அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் குவியல்தான்.

அங்கே எழுத்தர் பணம் வேண்டும் என்று வாயால் கேட்கவில்லை. கிழக்கே கையை நீட்டி, "மேகத்தைப் பாத்தீங்களாம்மா?" என்றார். பக்கத்துக் குவியல்காரர்கள் மடியை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சல்லிக்காசு கொடுக்காதேக்கா. நீங்க கொடுத்துக் கொடுத்துத்தான் இவங்க இப்படி ஆயிட்டாங்க. நான் புகார் எழுதறேன்."

"எழுதினா எப்ப வந்து பாப்பாங்க?"

"நாலஞ்சு நாள் ஆகும்."

அக்கா வானத்தைப் பார்த்தாள். போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த எடை அவளுடையது. கடைசி மூட்டையைத் தைத்து உள்ளே அடுக்கும்போது தூறல் விழுந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

கொடுக்க வழியில்லாத ஒரு அம்மா, வீட்டிலிருந்த சேலைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிவந்து தன் நெல்மேல் விரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"உங்க ஊர்ல நெல்லைக் கொட்டத் தளம் இருக்கு, மேல கூரை இருக்கு, வீட்டுக்கு வீடு சம்பளம் வருது" என்றாள், என்னைப் பார்க்காமலே. "அதெல்லாம் இங்கேயும் வரட்டும். அப்புறம் கொடுத்தேன்னா என்னை வந்து திட்டு. இப்ப இந்த முனையைப் பிடி."

வெட்கமாக இருந்தது. பிடித்தேன். சேலைக்கு அடியில் நெல் ஏற்கெனவே நனைந்திருந்தது.