என் போனில் இடமில்லை

புதுப் போன் வாங்கிய அன்றே, எனக்கு முன்னால் சிலர் அதில் குடியேறியிருந்தார்கள். பங்குச்சந்தை ஆப், தினமும் ஓடச் சொல்லும் ஆப், ஒரு கோல்ஃப் விளையாட்டு. கத்தாரில், ராஸ் லஃபான் கேஸ் பிளாண்டில் வால்வு மாட்டுகிறவனுக்குக் கோல்ஃப். எதையும் அழிக்க வழியில்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஊரில் மகள் பிறந்த வாரம், நான் குளித்துவிட்டு வருவதற்குள் சார்ஜில் கிடந்த போன் தானாக அப்டேட் ஆகிவிட்டது. அதன்பிறகு வீடியோ காலில் என் மூஞ்சி அங்கே தெரிந்தது. எனக்கு இங்கே கறுப்புத்திரை. மகளின் அழுகையை மட்டும் கேட்டேன். பார்க்க வேண்டியவளை விட்டுவிட்டு என்னைக் காட்டி என்ன பிரயோஜனம்?

தோஹாவின் நஜ்மா பகுதியில் போன் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர்தான் சரிசெய்தார். “அடுத்த அப்டேட்லயும் இதே கதிதாண்ணே. உள்ள இடம் இருந்தா அது பாட்டுக்கு வந்து உக்காந்துரும்” என்றார்.

இடம் இருந்தால்தானே? கேம்ப் லாண்டரியில் நின்று வாஷிங் மெஷின் சுற்றுவதை வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். போன் நிரம்பும்வரை எடுத்தேன்.

“துணி தொலைஞ்சா சாட்சிக்காண்ணே?” என்று கேட்டான் என் ரூமில் தங்கியிருக்கும் தஞ்சாவூர்க்காரன்.

ஞாயிறு காலை ஊரில் மகளுக்கு ஞானஸ்நானம். பிளாண்ட் கேட்டிலேயே போனை வாங்கிவிடுவார்கள் என்பதால் நைட் டூட்டிக்கு மாறிக்கொண்டேன். குழந்தையின் பெயரைச் சாமியார் கேட்கும்போது நான்தான் சொல்வேன் என்று மனைவியிடம் அடம்பிடித்திருந்தேன்.

“போன்ல சொன்னா ஒத்துக்கிடுவாராங்க?”

“ஒத்துக்கலன்னா கோயிலே அதிருற மாதிரி கத்துவேன்.”

டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன். சாமியார் குனிந்து பெயர் கேட்ட அதே நொடியில் அவர் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்தது: இப்போதே அப்டேட் செய்யவா, இன்றிரவு செய்யவா? வேண்டாம் என்று சொல்ல அதில் பொத்தானே இல்லை. தள்ளிவிடப் போன என் கட்டைவிரல் நேராக ‘இப்போதே’ மேல் விழுந்தது. வால்வைத் திருகித் திருகித் தடித்த விரல். அதற்கு எந்தப் பொத்தானும் சின்னதுதான்.

போன் யோசித்தது. பிறகு அது சொன்னது: போதுமான இடமில்லை.

பெட்டி மறைந்து, திரையில் சாமியார் திரும்ப வந்தார். “பெயரைச் சொல்லுங்க.”

சொன்னேன். கொஞ்சம் பலமாகத்தான்.

“கேக்குதுப்பா, கத்தாத” என்றார் சாமியார்.

மேல் கட்டிலில் தஞ்சாவூர்க்காரனின் போர்வை விலகியது. “பேரு நல்லாத்தாண்ணே இருக்கு. தூங்கலாமா?”