காலி மணை

வரையப்போகும் காகிதத்தின் கீழ் மூலையில் முதலில் தேதியை எழுதி, மை காய ஊதிவிட்டுத்தான் நாகஜோதி தலையை நிமிர்த்துகிறாள். எழுமலை வட்டாரத்தில் காதுகுத்து, வளைகாப்பு, கிடாவெட்டு எதுவானாலும் போட்டோக்காரர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் அவள் இருப்பாள். மடியில் பரீட்சை அட்டை, கையில் மையைத் தொட்டு வரையும் பேனா. பென்சிலைத் தொடமாட்டாள். ரப்பர் வைத்திருந்தால் ஆளாளுக்கு யோசனை சொல்வார்களாம்.

பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அவள் படத்தில் பந்தியில் சண்டை போட்டவர் சண்டை போட்டபடியே இருப்பார், வடையை மடியில் கட்டியவர் கட்டியபடியே. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தன் வழுக்கைக்கு நாலு முடி கேட்டுப் பார்த்தார். "இருக்கிறதத்தேன் வரைவேன், அம்புட்டுத்தேன்" என்றுவிட்டாள்.

போன ஆவணியில் சரண்யாதேவியின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அழகுபாண்டி வரவில்லை. கிணற்றுப் பங்குத் தகராறில் தங்கையோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. அவருக்கென்று போட்ட மணையில் வேறு யாரையும் உட்காரவிடாமல் சரண்யாதேவி கடைசிவரை காத்தாள். பிறகு பெரியப்பா மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். நாகஜோதி அப்படியே வரைந்தாள், காலி மணையோடு.

படத்தைப் பார்த்த சரண்யாதேவி, போனில் இருந்த அண்ணன் போட்டோவைக் காட்டி, அவரை அந்த மணையில் உட்கார வைத்துவிடச் சொல்லி அழுதாள். நாகஜோதி மாட்டேன் என்றுவிட்டாள். கடையில் அவளுக்கு ஒத்தாசையாக இருக்கும் நானும் அங்கேதான் நின்றிருந்தேன். நாலு கோடு இழுத்தால் என்ன குறைந்துவிடும், சரியான கல்நெஞ்சக்காரி என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

சென்ற வாரம் அழகுபாண்டியே கடைக்கு வந்தார். தங்கை அந்தப் படத்தை ஆள் மூலம் அவருக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். மேசையில் விரித்து, மணையின் மேல் விரலை வைத்து, தன்னை அங்கே வரைந்துவிடும்படி கேட்டார்.

"அன்னிக்கு நீங்க வரலையேண்ணே."

அவர் மணையிலிருந்து விரலை எடுத்தார். "சின்னவளுக்குத் தை பதினாலுல குத்துறாகளாம்" என்றார்.

"வருவீகளா?"

"வாரேன்."

நாகஜோதி படத்தைச் சுருட்டி அவரிடமே கொடுத்தாள். புதுத் தாள் ஒன்றை அட்டையில் செருகினாள். பேனாவை மையில் தொட்டு, கீழ் மூலையில் 'தை 14' என்று எழுதி, காய ஊதினாள்.